சோதனைச் சாவடி

வாரத்தில் ஆறு நாள் நான் மிட்டாய் விற்கிறேன். ஏழாம் நாள் காலையில் அதே பிள்ளைகளை ஆலயத்தின் பின்பக்க அறையில் பாய் விரித்து உட்காரவைத்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் ஆசைப்படக் கூடாது என்று பாடம் எடுக்கிறேன். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் எஸ்டேட்டில் ரைட்டர். கணக்குப் புத்தகம் மாதிரியே பேச்சிலும் இரண்டு பக்கமும் சரியாக வர வேண்டும் அவருக்கு.

கடை ஏற்காட்டில், பஸ் போகிற ரோட்டோரம். பத்துக்கு எட்டு அடி. பிறந்து வளர்ந்தது சேலம் டவுன்தான், கல்யாணமாகி மலையேறியவள் நான். அதனால் சரக்கு எடுக்க இன்னமும் லீ பஜாருக்குத்தான் போகிறேன். திரும்பும்போது மடியில் ஒரு மூட்டை, காலடியில் ஒரு மூட்டை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் இரண்டையும் பிடித்துக்கொண்டு வர வேண்டும். தேன் மிட்டாய், கடலை மிட்டாய், கமர்கட், ஜவ்வு மிட்டாய், அப்புறம் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள். சரக்கு போட வரும் பையன் ஆரம்பத்திலேயே ஒரு தொழில் ரகசியம் சொல்லிக்கொடுத்தான். "அக்கா, மிட்டாய் பாட்டிலை மேல வைக்காதீங்க. பசங்க கண்ணு எந்த உயரமோ அந்த உயரத்துல வைங்க." வைத்தேன். நன்றாகவே விற்றது. நாலு வருஷம் அதில் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை.

ஞாயிறு வகுப்பு எடுக்க வந்தது தற்செயல்தான். முன்பு எடுத்துக்கொண்டிருந்த தங்கச்சி கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். "நீங்கதான் பிள்ளைகளுக்குப் பழக்கமானவங்க" என்று எங்கள் சபைப் போதகரான ஐயர் என்னைப் பிடித்துவிட்டார். பழக்கம் எதனால் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் தடுமாற்றம் 'சோதனை' என்ற சொல்லிலேயே வந்தது. கர்த்தருடைய ஜெபத்தைத் தினமும் சொல்கிறார்களே, "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் சட்டென்று எழுந்தான். "அடிவாரத்துல சோதனைச் சாவடி இருக்குல்லக்கா, அங்க நம்ம வண்டிய நிறுத்தாம விட்டுடணும்னு அர்த்தம்." அவன் அப்பா ஜீப் ஓட்டுகிறார். அவர்கள் வீட்டில் அந்த ஜெபம் உண்மையிலேயே அதற்காகத்தான் ஏறெடுக்கப்படுகிறதோ என்னவோ. வகுப்பே சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் ஆறாம் வகுப்புப் பெண். "ஆதியாகமம் 22ல தேவன் ஆபிரகாமைச் சோதித்தார்னு இருக்கு. யாக்கோபு 1ல அவர் ஒருவனையும் சோதிக்கிறவரல்லன்னு இருக்கு. எது சரிக்கா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்து ஐயரிடம் போனேன். நம்முடைய 'சோதனை' போலவே கிரேக்கத்திலும் 'பெய்ரஸ்மொஸ்' என்ற ஒரே சொல்தான், தரம் பார்ப்பதையும் குறிக்கும், விழவைக்க ஆசைகாட்டுவதையும் குறிக்கும் என்றார். நகைக்கடைக்காரர் தங்கத்தை உரசிப் பார்ப்பதும், திருடன் பூட்டை ஆட்டிப் பார்ப்பதும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. ஒருவர் அது தங்கம்தான் என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறார். இன்னொருவன் பூட்டு திறக்காதா என்று பார்க்கிறான். இந்த உவமை எனக்குப் பிடித்துப்போய் அப்படியே வகுப்பில் சொன்னேன். அடுத்து நான் எந்தப் பக்கம் நிற்கப்போகிறேன் என்று அப்போது தெரியவில்லை.

மே மாதம் வி.பி.எஸ்., அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி. கீழே மாம்பழ சீசன், மேலே கோடை விழாக் கூட்டம், கடையில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் நாட்கள். ஆனாலும் காலை இரண்டு மணி நேரம் கடையை மாமியாரிடம் விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். என் அக்கா மகள் கோவையில் உளவியல் படிக்கிறாள். அவள்தான் போனில், "சித்தி, ஸ்டான்ஃபோர்டுல ஒரு பரிசோதனை பண்ணாங்க" என்று ஆரம்பித்துவைத்தாள். வால்டர் மிஷெல் என்பவர் 1960களின் கடைசியில் செய்ய ஆரம்பித்தது. நாலைந்து வயதுக் குழந்தை முன்னால் ஒரு மிட்டாயை வைத்துவிட்டு, நான் வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருகிறேன் என்று சொல்லிப் போய்விடுவது. காத்திருந்த குழந்தைகள் வளர்ந்ததும் படிப்பில் சிறந்தார்கள் என்று பின்னால் எழுதி, உலகமெல்லாம் பேசியது. அவள் மேற்கொண்டும் ஏதோ சொல்ல வந்தாள். கடையில் ஆள் வந்ததால் வைத்துவிட்டேன். அரைகுறையாகக் கேட்டதன் பலனை அனுபவித்தேன்.

மூன்றாம் நாள் பாடம் மத்தேயு 4. வனாந்தரம், நாற்பது நாள் உபவாசம், கல்லை அப்பமாக்கு என்கிற பேச்சு. இயேசு மூன்று தடவையும் வேதத்திலிருந்தே பதில் சொன்னார், மூன்றும் உபாகமத்தில் இருக்கிறது, அதனால்தான் வசனம் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று முடிக்கப் போனேன். ஜீப்காரர் மகன் விடவில்லை. இரண்டாவது சோதனையில் தேவாலயத்து உப்பரிகையில் நிற்கவைத்துச் சாத்தானும்தானே சங்கீதம் 91ஐச் சொல்கிறான்? "அப்ப சாத்தானுக்கும் மனப்பாட வசனப் பரிசு உண்டாக்கா?" நான் அதைக் கண்டுகொள்ளாமல் தேன் மிட்டாயை எடுத்தேன்.

பதினொரு பிள்ளைகள். ஆளுக்கு ஒரு காகிதத் துண்டு, அதன் மேல் ஒரு தேன் மிட்டாய். தேன் மிட்டாய் சும்மா இருக்காது, பாகு கசிந்து காகிதத்தில் சிவப்பாக வட்டம் போடும், வாசனை வேறு. பதினைந்து நிமிஷம் தொடாமல் இருந்தால் இன்னொன்று என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்க் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பெரிய ஆராய்ச்சியாளர் மாதிரி கையில் நோட்டு வேறு.

ஒரு சின்னப்பெண் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். ஆறாம் வகுப்புக்காரி சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். இரண்டு பையன்கள் வெளியே கேட்கிற ஹாரனை வைத்து அது பஸ்ஸா லாரியா என்று பந்தயம் கட்டினார்கள். ஒருவன் குனிந்து நாக்கு நுனியால் ஒரு தொடு தொட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாக நிமிர்ந்தான். இரண்டு பேர் கீர்த்தனை பாடினார்கள், நடுவில் மிட்டாயைப் பார்த்து, திரும்பவும் சத்தமாகப் பாடினார்கள். சிவப்பு ஸ்வெட்டர் போட்ட மூன்றாம் வகுப்புப் பையன் மட்டும், நான் கதவைச் சாத்திய சத்தம் அடங்குவதற்குள் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அவசரமே இல்லாமல் மென்றான். அப்புறம் காகிதத்தையும் நக்கினான்.

நேரம் முடிந்து, பரிசு பாக்கெட்டை எடுக்கத் திரும்பினால் ஜன்னல் திட்டில் அது இல்லை. ஏற்காட்டுக்காரர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. எதிர் ஓட்டு மேல் ஒரு தாய்க்குரங்கு பாலிதீனைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தது. குட்டிக்கு ஒன்று, தனக்கு ஒன்று. பதினைந்து நிமிஷம் போராடிய பத்துப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்று அதைப் பார்த்தார்கள். சிவப்பு ஸ்வெட்டர் மட்டும் சிரித்தான்.

கடைக்கு ஓடிப்போய் வேறு பாக்கெட் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தேன். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, கோபமில்லாமல்தான், ஏன்டா உடனே சாப்பிட்டாய் என்று கேட்டேன். "நீங்க குடுப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். நான் என்றைக்குடா பொய் சொன்னேன் என்றேன். "கிறிஸ்மஸ் நாடகத்துல மேய்ப்பன் வேஷம் எனக்குத்தான்னு சொன்னீங்க." சொல்லியிருந்தேன். அப்புறம் சபையில் ஒரு பெரிய குடும்பத்துப் பையன் ஆசைப்பட்டான் என்று அவனுக்குக் கொடுத்துவிட்டேன். ஐந்து மாதம் ஆகியிருந்தது, நான் மறந்தே போயிருந்தேன். அம்மாவின் போர்வையைத் தலைப்பாகையாகக் கட்டி அவன் வீட்டில் ஒத்திகை பார்த்ததெல்லாம் அப்புறம்தான் கேள்விப்பட்டேன்.

அன்று ராத்திரி அக்கா மகளுக்கு நானே போன் போட்டேன். பாதியில் விட்ட கதையை முழுதாகக் கேட்டேன். 2018இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். வீட்டு வசதி, பெற்றோர் படிப்பு இதையெல்லாம் கணக்கில் எடுத்ததும், காத்திருப்பதற்கும் பின்னாளைய படிப்புக்கும் இருந்த தொடர்பு பெருமளவு சுருங்கிப்போய்விட்டதாம். அதைவிட என்னை அடித்தது அமெரிக்காவில் ராச்செஸ்டரில் 2013இல் வந்த சின்ன ஆய்வு. 28 குழந்தைகள்தான். மிட்டாய் வைப்பதற்கு முன்னாலேயே, படம் வரைய நல்ல கலர் சாமான் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார், பாதிப் பேரிடம் இல்லையென்று கைவிரித்தார். சொன்னபடி கிடைத்த குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிஷம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் மூன்று நிமிஷம்.

சிவப்பு ஸ்வெட்டர் அந்த ஆய்வைப் படிக்காமலேயே சரியாக நடந்துகொண்டிருக்கிறான்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து, வேதத்தைத் திறந்து மத்தேயு 4:3ஐக் காட்டினார். "அப்பொழுது சோதனைக்காரன் அவரிடத்தில் வந்து." விரலை அந்த ஒரு சொல்லில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் படுக்கப் போய்விட்டார். நியாயம்தான். பசித்தவர் முன்னால் அப்பத்தைப் பற்றிப் பேசியது யார்? நான் பாடம் எடுத்த கதையில் எனக்கு இருந்த வேஷம் அதுதான். எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாதேயும் என்று காலையில் பிள்ளைகளைக் கைகூப்பிச் சொல்லவைத்துவிட்டு, பத்தரை மணிக்கு நானே உட்படுத்தியிருக்கிறேன். திருடன் பூட்டை ஆட்டிப் பார்க்கிற பக்கம்.

அடுத்த ஞாயிறு ஏசாவின் கதை. ஆதியாகமம் 25. வேட்டையிலிருந்து களைத்து வந்த அண்ணன், தம்பி சமைத்த பயற்றங்கூழுக்காகச் சேஷ்டபுத்திரபாகத்தையே கொடுத்துவிடுகிறான். அந்தச் சொல்லைப் பிள்ளைகள் வாயில் வரவழைக்கவே பத்து நிமிஷம் ஆனது. மூத்தவனுடைய பங்கு என்று சொன்னதும் விளங்கிவிட்டது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகப் பெரியதை விட்டுவிடக் கூடாது என்று வழக்கமான பாடத்தைச் சொன்னேன். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய அம்மாக்கள் காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் காலையில் மலைச்சரிவில் இறங்கினால் சாயங்காலம்தான் ஏறுவார்கள். களைத்து வீட்டுக்கு வருவது என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். "பசியோட வந்த அண்ணனுக்குச் சும்மா கூழு ஊத்தாம, வெல கேட்டானே தம்பி, அவன் மேல தப்பு இல்லையாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

ஏசா அலட்சியம் பண்ணினான் என்றுதான் வேதம் எழுதுகிறது. நானும் அதை மறைக்கவில்லை. ஆனால் யாக்கோபும் பின்னால் தன் மாமனிடம் நன்றாக ஏமாந்து, ராகேலுக்கு என்று நினைத்து ஏழு வருஷம் வேலை செய்து லேயாளைப் பெற்றான் என்று சொன்னேன். கூழுப் பானையை வைத்துக்கொண்டு விலை கேட்கிறவன் பக்கம் பேச ஒரு பெட்டிக்கடைக்காரிக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

அதற்கப்புறம் நான் பாடத்தை மாற்றிக்கொண்டேன். மனசை இரும்பாக்கு, வைராக்கியமாக இரு என்று சொல்வதை விட்டுவிட்டேன். எட்டு வயதில் இரும்பு மனசுக்கு எங்கே போவார்கள்? எனக்கே நாற்பத்தாறு வயதில் இமாம்பசந்து நறுக்கிவைத்தால் சர்க்கரை மாத்திரை ஞாபகம் வராது. 1 கொரிந்தியர் 10:13ஐ மனப்பாட வசனமாக வைத்தேன். நீளமான வசனம். அதில் எனக்குப் பிடித்தது கடைசிப் பகுதி: "சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்." போக்கு. நம் ஊரில் 'வேற போக்கில்ல' என்று சலித்துக்கொள்கிறோமே, அதே சொல். பிள்ளைகளிடம் ஜெயிக்கச் சொல்லவில்லை, போக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். அன்றைக்கு மிட்டாய் முன்னால் அவர்களே கண்டுபிடித்தவைதான். கைமேல் உட்காருவது ஒரு போக்கு. சுவர்ப் பக்கம் திரும்புவது ஒரு போக்கு. பாட்டு, ஹாரன் பந்தயம், எல்லாம் போக்குதான். ஸ்டான்ஃபோர்டு குழந்தைகளும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டும் பாடிக்கொண்டும் காத்திருந்தார்கள் என்று அக்கா மகள் சொல்கிறாள்.

யோசேப்பு கதை வந்தபோது இது இன்னும் தெளிவானது. போத்திபார் வீட்டு அம்மாள் தப்பான காரியத்துக்குக் கூப்பிட்டாள் என்ற அளவில் சொன்னேன், அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அவள் வஸ்திரத்தைப் பிடித்தாள், யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். அங்கே நின்று வாதாடவில்லை. பையன்களுக்கு ஓடுகிற கதை என்றால் கொண்டாட்டம். ஆனால் ஓடினவனுக்கு என்ன கிடைத்தது? ஜெயில். அங்கே பானபாத்திரக்காரனுக்கு நல்லது சொல்லியும் அவன் மறந்துபோக, மேலும் இரண்டு வருஷம். "அப்ப ரெண்டு மிட்டாய் இல்லையா?" என்று சிவப்பு ஸ்வெட்டர் கேட்டான். இல்லை என்றேன். பின்னால் எகிப்துக்கு அதிகாரியான கதையை அவசரமாகச் சொல்லி அவனைச் சமாதானப்படுத்தவும் இல்லை. அடுத்த வாரம் அது தானாக வரும். ஒரு வாரமாவது யோசேப்பு ஜெயிலில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தப்பு செய்யாமல் இருந்தால் இரட்டிப்பாகக் கிடைக்கும் என்பது என் பரிசோதனையில் இருந்ததுதான், ஆதியாகமம் 39இல் அப்படி இல்லை. கர்த்தர் யோசேப்போடே இருந்தார் என்று மட்டும் இருக்கிறது.

ஏவாள் பாடத்துக்குப் படம் வரையச் சொன்னேன். பாதிப் பேர் ஆப்பிள் வரைந்தார்கள். வேதத்தில் ஆப்பிள் என்று எங்கேயும் இல்லை, விருட்சத்தின் கனி, அவ்வளவுதான். லத்தீனில் ஆப்பிளுக்கும் தீமைக்கும் ஏறத்தாழ ஒரே சொல், அதனாலும் வெள்ளைக்காரர் படங்களில் அது ஆப்பிளாகியிருக்கலாம் என்று ஐயர் சொல்லியிருந்தார். இரண்டு பேர் ஆரஞ்சு போட்டார்கள். ஒரு பெண் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றி, கொடிக்கு நடுவில் பாம்பைச் சுற்றிவைத்திருந்தாள், எஸ்டேட் பிள்ளை அல்லவா. ஜீப்காரர் மகன் பலாப்பழம் வரைந்திருந்தான். அதை எப்படி எடுத்துத் தின்றாள் என்று பக்கத்துப் பையன் கேலி செய்தான். அவன் யோசித்துவிட்டுச் சொன்னது: "பலாப்பழமா இருந்தா ஏவாள் தப்பிச்சிருப்பா. கயிறு கட்டி இறக்கணும், கைக்கு எண்ணெய் தேய்க்கணும், அறுக்கணும், பாலு துடைக்கணும், சுளை எடுக்கணும். அதுக்குள்ள ஆதாம் வந்து என்ன பண்றன்னு கேட்டிருப்பான்."

இதைவிட நல்ல வியாக்கியானத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் கடையில் மிட்டாய் பாட்டில்களைக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்தேன். பின்பக்கம், ஊதுபத்திக்கு மேலே உள்ள தட்டில் வைத்தேன். நானே முக்காலி போட்டு ஏறினால்தான் எட்டும். வேண்டுமென்று கேட்டால் எடுத்துக் கொடுப்பேன், ஏறி இறங்குவதற்குள் அவர்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும், எனக்கு முட்டி வலிக்கும். கீழ்த்தட்டில் தீப்பெட்டியும் சோப்பும் வந்தன. சரக்குப் பையன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். வியாபாரம் குறைந்தது. எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன், வீட்டுக்காரர் படிப்பார். முன்னால் தொங்கும் சரங்களை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. மின்கட்டணம் கட்ட வேண்டுமே.

மேய்ப்பன் வேஷம் இந்த வருஷம் யாருக்கு என்று இப்போதே காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சிவப்பு ஸ்வெட்டரிடம் கொடுத்துவிட்டேன். அவன் அதை ஐயரிடமும் காட்டி ஒரு கையெழுத்து வாங்கிவைத்திருக்கிறான்.

போன செவ்வாய்க்கிழமை, மூடுபனி இறங்கிய நேரம், கைமேல் உட்கார்ந்த அந்தச் சின்னப்பெண் கடைக்கு வந்தாள். அம்மாவுக்கு அரைக் கிலோ ரவையும் ஒரு தீப்பெட்டியும். ஐம்பது ரூபாய் நோட்டு. நான் ரவை நிறுத்துவதற்குள் சரங்களுக்கு நேர் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை, ரோடே தெரியவில்லை.

"என்ன பாப்பா அங்க பாக்குற?"

"பஸ்சு வருதான்னு பாக்குறேங்க்கா" என்றாள் திரும்பாமல்.

அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. நான் மீதிச் சில்லறையை எண்ணி, கையை நீட்டச் சொல்லி, அவள் பின்பக்கமாக நீட்டிய உள்ளங்கையில் வைத்தேன்.